டோலரஸ் வென்டா மாட்டாத படம்

டோலரஸ் வென்டா ஒரே ஒரு புகைப்படத்தை எடுத்துத் தன் குடியைக் கெடுத்தாள் என்று நார்ப் காப்பின்ஸ்கி பதினெட்டு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தின் தெற்குப் பக்கத்தில் அதைக் கேட்காத காது இல்லை. கிளெம் ரோஸ்காவின் மதுக்கடையில் சொன்னான். மாதா கோயில் படியில் சொன்னான். இரும்புச் சாமான் கடையில் சாவி வெட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து, சாவி வெட்ட வந்தவனையெல்லாம் பிடித்துவைத்துச் சொன்னான். ஆள் கிடைக்காத நாளில் பெண்டாட்டி ஆர்லீனிடம் சொன்னான்.

அவள் மட்டும், "சொல்றதுதான் சொல்ற, மிச்சத்தையும் சொல்லேன்" என்பாள். அத்தோடு வாயை மூடிக்கொள்வான்.

மிச்சம் இருக்கத்தான் செய்தது.

டோலரஸ் படித்துப் பட்டம் வாங்கிய கலைஞி இல்லை. பதினெட்டு வயதில், இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் கோர் பிரிவில் சேர்ந்தவள். வார்ப்புக்கு உள்ளே ஓட்டை விழ வேண்டிய இடத்தில் வைக்கிற மணல் கட்டிதான் கோர். அதைப் பிடித்துப் பிடித்து அவள் விரல் ரேகை போய்விட்டது, மணல் தூசி நெஞ்சில் ஏறிவிட்டது. அடகுக் கடையில் ஒரு பழைய கேமரா வாங்கினாள். குடியிருந்த கீழ் வீட்டில் துணி துவைக்கிற இடத்தை மறைத்து இருட்டறை ஆக்கினாள். குளியல் தொட்டியில் படம் மிதக்கும், குளிக்க வேண்டுமானால் அக்கா வீட்டுக்குப் போவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "தொட்டி காலியா இல்லையே" என்பாள்.

அவள் முதன்முதலில் எடுத்தது, சாப்பாட்டு நேரத்தில் மணல் மூட்டைமேல் தலைவைத்துத் தூங்கும் பெண்களை. அதில் ஒருத்தி தன் படத்தைப் பார்த்துவிட்டு, "நான் தூங்கறப்ப வாய் இப்படியா தொறந்து கெடக்கும்? என் புருஷன் இருபது வருஷமா இதையா பாக்கறான்?" என்று அழுதே விட்டாள். டோலரஸ் அந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை. அன்றைக்குப் பிடித்த வழக்கம் கடைசிவரை விடவில்லை. யாரை எடுத்தாளோ அவரிடம் முதலில் கொண்டுபோய்க் காட்டுவாள். "மாட்டட்டுமா?" என்று ஒரு தரம் கேட்பாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரண்டாம் தரம் கேட்க மாட்டாள்.

மாட்டுகிற இடம் கிளெம் கடையின் கீழ்த்தளம். மேலே மதுக்கடை, கீழே பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்துகிற பௌலிங் கூடம், ஆறு தடம். கூடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு நீள நடை. அதில் கம்பி கட்டி, துணிக் கிளிப்பால் படங்களைத் தொங்கவிடுவாள். கீழே ஒரு காகிதத் துண்டில் பென்சிலால் பேரும் மாதமும்.

"ஏன் டோலி, உனக்கு வேற நல்ல இடமே கெடைக்கலியா?" என்பான் கிளெம்.

"பெரிய கூடத்துல மாட்டினா பத்துப் பேர் வருவான். மூத்திரம் போற வழில மாட்டினா வராதவன் எவன், சொல்லு?"

அதுவும் சரிதான். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே கிளெம் கடைக்கு வரும். தட்டு கிடைக்க ஒரு மணி நேரமாகும். அதுவரை பிராந்திக் கோப்பையோடு கீழே இறங்கி, தன் மூஞ்சியையும் பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சியையும் பார்த்துச் சிரிப்பார்கள். இப்படி இருபத்தைந்து வருஷம் நடந்தது. அந்தத் தெருக்களில் அவளுக்குத் திறக்காத கதவு இல்லை. நார்ப் எட்டு வயதில் முதல் நற்கருணை வாங்கியபோது, பெரிய கோட்டும் சின்ன முகமுமாக எடுத்தவளும் அவள்தான்.

எழுபத்துநாலு அக்டோபரில், நார்ப்பும் வேலை பார்த்த ஃபவுண்டரியில் சங்கிலி நழுவி ஒரு எஞ்சின் வார்ப்பு சரிந்தது. பக்கத்தில் நின்றவன்மேல் விழாமல் நார்ப் உடம்பைக் கொடுத்துத் தாங்கினான். அவன் தப்பினான், இவனுக்கு முதுகெலும்பில் தட்டு நழுவிவிட்டது. விபத்து நஷ்டஈடு வாராவாரம் வந்துகொண்டிருந்தது. ஆயுசுக்கும் கொடுப்பதா இல்லையா என்று வசந்தத்தில் விசாரணை. தரையில் விழுந்த காலுறையைக் குனிந்து எடுக்க முடியாது. ஆர்லீன்தான் மாட்டிவிடுவாள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை லீக் ஆட்டம் பார்க்க வந்தான். சட்டைக்குள் இடுப்புப் பட்டை. அவன் பழைய அணி தோற்கிற நிலை. கடைசிப் பந்து.

அந்த அணியில் கூட ஆடிய ரே சீஸ்லாக் கத்தினான்: "ஏய் நார்ப்! ஒரு பந்து! இல்ல, பொம்பளைங்க லீக்ல பேர் குடுத்துடவா?"

"அங்கயும் இவன சேக்க மாட்டாங்கடா. இவன் கைய விட ஆர்லீன் கைதான் பெரிசு!" என்றான் இன்னொருத்தன்.

எல்லாரும் சிரித்தார்கள். நார்ப்புக்கு முப்பத்திரண்டு வயது. எழுந்தான். பந்தை எடுத்தான். நாலு எட்டு வைத்து உருட்டினான்.

பத்துக் கட்டையும் விழுந்தது.

அவன் பந்தை விட்ட நொடியை டோலரஸ் கேமராவில் பிடித்தாள். இடது முழங்கால் மடிந்து, வலது கால் பின்னால் வழுக்கிப் போக, பந்து விரலை விட்டு அப்போதுதான் பிரிகிறது. எண்ணெய் போட்ட கதவு மாதிரி உடம்பு அவ்வளவு லேசாகத் திரும்பியிருக்கிறது. படத்தில் முகம் தெரியாது.

பந்தை விட்டுத் திரும்பிய முகத்தைக் கேமரா வழியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். நார்ப் கையைத் தூக்கிக் காட்டி, சிரித்துக்கொண்டே கோட்டு மாட்டுகிற அறைக்கு நடந்து போனான். கதவைச் சாத்தினான். சாத்தியதும் கோட்டுகளையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தான். ஆர்லீன் ஓடினாள், பின்னாலேயே டோலரஸ். வாய் கோணிப்போய் அழுதுகொண்டு கிடந்தான். கால்சராய் நனைந்திருந்தது. ஆர்லீன் மண்டியிட்டு அவன் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கேமரா சொடுக்கும் சத்தம் கேட்டது.

அதற்கப்புறம்தான் டோலரஸ் கேமராவைக் கீழே வைத்தாள். தன் கோட்டை அவன் இடுப்பில் போட்டுச் சுற்றினாள். பின்படி வழியாக இரண்டு பெண்களுமாக அவனை இழுத்துக்கொண்டு போய்க் காரில் போட்டார்கள். கூடத்தில் யாருக்கும் தெரியாது. நார்ப் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் டோலரஸ் இரண்டு படத்தோடு அவன் வீட்டுக்கு வந்தாள். பந்து விடுகிற படத்தைப் பார்த்ததும் நார்ப்புக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

"மாட்டு, மாட்டு. பெரிசாப் போட்டு மாட்டு. ரே மூஞ்சிக்கு நேரா மாட்டு."

"மாசம் எழுதணும் நார்ப். எப்பவும் எழுதறேன்."

"எழுதேன், யாரு வேண்டாம்னா?"

கோட்டு அறையில் எடுத்த இரண்டாவது படத்தை நாலாகக் கிழித்தான்.

"இது ஒருத்தன் கண்ணுல பட்டுதுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்."

"படாது."

"நெகட்டிவ்?"

"என்கிட்ட இருக்கும். நீ சொல்லாம வெளிய வராது."

தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், நஷ்டஈடு கொடுக்கிற இன்ஷூரன்ஸ்காரன் ஒருவன் குடும்பத்தோடு மீன் சாப்பிட வந்தான். கழிப்பறைக்குப் போகிற வழியில் நின்றான். வெகு நேரம் நின்றான். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு கேமராவோடு வந்து, படத்தையும் கீழே 'நார்ப், பிப்ரவரி' என்று எழுதியிருந்த காகிதத் துண்டையும் சேர்த்துப் படம் பிடித்தான். யாரோ கலை ரசிகன் என்று நினைத்துக் கிளெம் அவனுக்கு ஒரு பிராந்தி ஊற்றிக் கொடுத்தான், காசு வாங்காமல்.

இன்ஷூரன்ஸ்காரன் அந்தப் படத்தைக் காட்டப்போகிறான் என்று தெரிந்ததும், விசாரணைக்கு முந்தின நாள் டோலரஸ் வந்தாள். கறிக்கடைத் தாளில் சுற்றிய பொட்டலம் கையில்.

"நீ கிழிச்ச படத்தத் திரும்பவும் போட்டுக் கொண்டாந்திருக்கேன். விசாரிக்கற அந்த ஒரு ஆள் பாத்தாப் போதும் நார்ப். அதே நாளு, அதே சட்டை. நானும் வந்து சொல்றேன்."

"எடுத்துட்டுப் போ."

ஆர்லீன், "ரெண்டு நிமிஷம் வெக்கம், அப்புறம் ஆயுசுக்கும் சோறு" என்றாள்.

"நீ சும்மா இரு! கம்பெனி வக்கீல் முன்னாடி நான் மூத்திரம் பேஞ்சுக்கிட்டுக் கெடக்கறதக் காட்டணுமா? அவன் நாளைக்கே ஃபவுண்டரி பூரா சொல்லிட மாட்டான்?"

மறுநாள் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் டோலரஸ் உட்கார்ந்திருந்தாள், பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு. அவன் மனசு மாறுவானோ என்று. நார்ப் அவளைத் தாண்டிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே விசாரணை அதிகாரி இன்ஷூரன்ஸ்காரன் கொடுத்த படத்தைக் கையில் பிடித்துப் பார்த்து, "நானும் வெளையாடறவன்தான். எனக்கு இப்படி வரல" என்றார். பணம் நின்றது.

அந்த வெள்ளிக்கிழமை கிளெம் கடையில் கூட்டம் நெரிந்தது. நார்ப் மூன்று பிராந்தி குடித்திருந்தான். டோலரஸ் தட்டோடு போனபோது உரக்கக் கேட்டான்:

"எவ்வளவு குடுத்தான் டோலி, அந்த ஆளு உனக்கு?"

கடை முழுக்க அது காதில் விழுந்தது. அவன் கேட்டது வெறும் எரிச்சலில். கேட்ட அந்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கோட்டு அறையில் நடந்ததைச் சொல்லியிருந்தால் கடையே இவன் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கும். அவள் தன் தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"மீன் ஆறுது நார்ப். சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சொல்லாததால் அது நிஜம் என்று ஆகிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவளுக்கு 'கம்பெனிக் கண்ணு' என்று பேர் வைத்தாகிவிட்டது. கிளெம் கம்பியை அறுத்தான். கோர் பிரிவில் அவள் சாப்பாட்டு டப்பாவில் மணலைக் கொட்டினார்கள். ஞானஸ்நானம், கல்யாணம், கோடையில் பூங்காவில் பன்றித் தொத்திறைச்சி சுடுகிற விருந்து, எங்கே அவள் கேமராவை எடுத்தாலும் சொல்லிவைத்தாற்போல எல்லாரும் திரும்பி நின்றுகொள்வார்கள்.

அவள் அதையும் எடுத்தாள். பத்துப் பதினைந்து வருஷம் அவள் எடுத்ததெல்லாம் முதுகுதான். கவுன் முதுகு, வேலைச் சட்டை முதுகு, பிள்ளையைத் தோளில் போட்ட முதுகு. அதில் ஒன்று நார்ப்புடையது. நகர மையத்தில் ஒரு கலைக்கூடத்துக்காரன் அவற்றை மாட்டினான். தொழிலாளியின் தனிமையை இவ்வளவு ஆழமாகச் சொன்னவர் இல்லை என்று பத்திரிகையில் எழுதினார்கள். ஆர்லீன் அதைச் சமையல் மேசையில் வைத்து உரக்கப் படித்தாள்.

"தனிமையாம். கேட்டியா? யாரோட தனிமைன்னு அவனுக்குப் போய்ச் சொல்லிட்டு வரியா?"

நார்ப் வெளியே போய்விட்டான். அவள் வாரம் ஒரு நாள் டோலரஸுக்கு பீட்ரூட் சூப் எடுத்துக்கொண்டு போவது அவனுக்குத் தெரியும். கேட்டதில்லை.

தொண்ணூற்று மூன்று ஏப்ரலில் டோலரஸைப் புதைத்தபோது ஏழு பேர் வந்தார்கள். கிளெம் வரவில்லை. இன்றைக்கும் அந்தத் தெருவில் வென்டா என்று சொன்னால், யார், அந்தக் கம்பெனிக் கண்ணா என்றுதான் கேட்பார்கள். சாவதற்கு மூன்று வாரம் முன்னால் அவள் நார்ப்பைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். போக மாட்டேன் என்றவனிடம் ஆர்லீன் கோட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். போனான்.

மூக்கில் குழாயோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் எண் போட்ட அட்டைப் பெட்டிகள்.

"வாடா. முதுகு எப்படியிருக்கு?"

"இருக்கு."

"அந்த நாற்காலி வேண்டாம், பள்ளம். உக்காந்தா எந்திரிக்க மாட்ட. இதுல உக்காரு." இருமி முடிக்க நேரமாயிற்று. "திங்கக்கிழமை மியூசியத்துக்காரங்க வராங்க. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறாங்க. பெரிசா மாட்டப் போறாங்களாம். நீ பந்து விடறது வாசல்லயே."

அவன் தொப்பியைத் திருகினான்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள். "அதப் பக்கத்துல மாட்டட்டுமா?"

"டோலி, எனக்குப் பேத்தி இருக்கா."

"எனக்குப் பேரு இருந்துச்சு."

வெளியே பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை.

"என்னைப் பத்தி என்ன சொல்றாங்கன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"யாரு ஆரம்பிச்சதுன்னும்?"

"தெரியும்."

நார்ப் கிளெம் கடையை நினைத்தான், ரே சீஸ்லாக்கை நினைத்தான், நனைந்த கால்சராயை நினைத்தான். ஐம்பது வயதாகியும் காது சுட்டது. இவள் கேட்பது நியாயம் என்று தெரிந்துகொண்டே சொன்னான்:

"வேண்டாம் டோலி."

அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. தலையை ஆட்டினாள், மளிகைக்காரன் இன்றைக்கு முட்டை இல்லை என்று சொன்ன மாதிரி. மடியிலிருந்த உறையிலிருந்து ஆறு படம் உள்ள நெகட்டிவ் ஃபிலிம் துண்டு ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"பெட்டிக்குள்ள இருக்கறதெல்லாம் திங்கக்கிழமைலேர்ந்து அவங்களுது. நான் போனப்புறம் அவங்க உன்னை எதுவும் கேக்க மாட்டாங்க. மாட்டிடுவாங்க. அதனால இப்பவே ஆகட்டும்." மேசையைக் காட்டினாள். "அந்தக் கத்தரிய எடு. நாலாவது நீ பந்து விடறது, அது அவங்களுக்கு வேணும். அஞ்சாவது மட்டும். என்னால முடியல நார்ப், கை ஆடுது. நீயே வெட்டு. நான் பாத்துட்டிருக்கறப்பவே வெட்டு."