இரண்டு அங்குலம்

தெருவில் அவளுக்கு டேப்பக்கா என்றுதான் பெயர். கழுத்தில் அளவு டேப் தொங்காத நாளே கிடையாது. முப்பது வருடத் தையல். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஐந்து வாரமாக ஊசியில் நூல் கோக்கக் கூடக் கை ஓடவில்லை. கடல் தாண்டி இருக்கும் மகளுக்கு வயிற்றில் ஆபரேஷன். ஃபோனில் கேட்டால், "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே பல்லவி.

"குரலை வச்சு என்னத்தைக் கண்டேன்? எனக்கு அவளைப் பாக்கணும்" என்று புருஷனைப் பிடுங்கி எடுத்தாள். மனிதர் எங்கெங்கோ விசாரித்து, கம்ப்யூட்டர் தலையில் எலுமிச்சம்பழம் போல ஒரு கேமராவை உட்கார வைத்தார். வீட்டுக்கு ஒரே டெலிஃபோன் லைன், இன்டர்நெட்டும் அதில்தான் வரவேண்டும். "பேசி முடியற வரைக்கும் ஃபோனைத் தொட்டுடாதே, தொட்டா எல்லாம் போச்சு" என்று பத்துத் தடவை சொல்லிவைத்தார்.

ஞாயிறு காலை. மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி ஓய்ந்ததும், தீப்பெட்டி அளவுப் படத்தில் மகள் வந்தாள். குரல் முதலில் வந்தது, உதடு பிறகு அசைந்தது.

"அம்மா, தெரியுதா?"

"தெரியுதுடி. ஏன் மூஞ்சியைக் கொண்டுவந்து ஒட்டிக்கிட்டு இருக்கே? தள்ளி உக்காரு."

"வேணாம்மா, வெளிச்சம் பத்தாது."

"தள்ளுடின்னா!"

மகள் தயங்கித் தயங்கி நாற்காலியைப் பின்னால் இழுத்தாள். இவள் தைத்து அனுப்பிய நீலச் சட்டை. தோள் தையல் சரிந்து கையில் கிடந்தது. டேப்பக்கா திரைக்குக் கிட்டே குனிந்தாள். அந்த நேரம் பார்த்துப் படம் அப்படியே நின்றுபோனது. கண் மூடியிருந்தது, வாய் பாதி திறந்திருந்தது, சத்தமும் இல்லை.

"ஐயோ, மயங்கிட்டாளே!"

"படம்தான் நின்னிருக்கு, இரு" என்று புருஷன் சொன்னது காதில் ஏறினால்தானே! கூடத்துக்கு ஓடி, மகளைக் கூப்பிட ஃபோனை எடுத்தாள். காதுக்குள் கிர்ரென்று இரைச்சல். உள்ளே திரையில் இருந்த முகமும் போய்விட்டது.

"சொன்னேனே, படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் ஃபோனை வைத்துவிட்டு அதையே பார்த்தபடி நின்றாள். நாலு நிமிடம் கழித்து மணி அடித்தது.

"லைன் கட்டாயிடுச்சும்மா. நான் நல்லா..."

"பொய் சொல்லாதே. அந்தச் சட்டை நான் தைச்சது. தோள் ரெண்டு அங்குலம் இறங்கியிருக்கு."

மறுமுனையில் விசும்பல்.

"சாப்பாடே இறங்கலம்மா. இன்னொரு ஆபரேஷன் பண்ணணுமாம். பயமா இருக்கு. நீ வர்றியா?"

"வர்றேன்டி. அந்தச் சட்டையைப் பிடிச்சுத் தைச்சு மட்டும் வச்சுடாதே. அது உனக்குச் சரியாகுற வரைக்கும் நான் அங்கதான் இருப்பேன்."