“வெளங்கலீங்க” என்றாள் அவள்

2007-ஆம் வருடம், தை பிறந்து சில நாள் இருக்கும். கொடைக்கானல் மலையில் கேரள எல்லையை ஒட்டிய கிளாவரைதான் எங்கள் ஊர். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. முழங்கால் இனி மேடேறாது என்றானபின் பூண்டு போட்டுவந்த காட்டை விற்றேன். அந்தப் பணம்தான் மீதிக் காலத்துக்குச் சோறு. அதை எங்கே போடுவது என்பதில்தான் தடுமாறிப்போனேன்.

தம்பி, தபால் ஆபீஸ் என்றான். மாதாமாதம் வட்டி வருமாம். கொழுந்தனார், ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மண்டியில் கொடுத்தால் அதைப்போல இரண்டு மடங்கு வரும் என்றார். கொடைக்கானலில் இருந்த ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டோ, தபால் ஆபீசில் காசு தூங்கும், எங்களிடம் வளரும் என்று சொல்லியனுப்பினார். யார் பேசினாலும் அவர் பேசி முடிக்கிறவரை அதுவே சரியாகப் பட்டது. பூண்டை இப்போது விற்கலாமா, வைத்திருந்து விற்கலாமா என்று ஊரே என்னிடம் யோசனை கேட்கும். நான் போய் ஒருவரிடம் புரியவில்லை என்று சொல்வதா? ‘வளரும்’ என்ற சொல் பிடித்திருந்தது. ஏஜென்ட்டிடமே போனேன்.

துணைக்கு, எங்கள் காட்டில் கூலிக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை வெள்ளனே பஸ்ஸில் கூட்டிப்போனேன். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண் அவள்.

ஏஜென்ட் நல்ல மாதிரிதான். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு விளக்கினார். யூனிட் என்றார், ஃபண்ட் என்றார். யூனிட் என்றால் எனக்குத் தெரிந்தது கரண்ட் பில்தான். ஆனாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கையெழுத்து மட்டும் எனக்கு நன்றாக வரும். பேனாவை வாங்கி முதல் எழுத்தை வைக்கப்போகும்போது பின்னாலிருந்து அவள், “ஒண்ணும் வெளங்கலீங்க” என்றாள்.

எங்கள் பக்கம் ஒருவரைப் பார்த்து வெளங்காது என்றால் உருப்படாது என்று அர்த்தம். காசு போடுகிற நேரத்தில் இப்படி ஒரு சொல்லா? பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

“ஏண்டி, ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா? வெளங்கலைங்கிற?”

அவள் பதறிப்போனாள். “ஐயோ அக்கா, சாபமா விட்டேன்? புரியலைன்னு சொன்னேன். எங்காளுங்க அப்பிடித்தான் சொல்லுவோம். ஏன், ஒங்களுக்கு வெளங்கிருச்சா?”

ஏஜென்ட் சிரித்துவிட்டார்.

அவள் விடவில்லை. மாதாமாதம் அக்கா கைக்கு எவ்வளவு வரும் என்று அவரிடமே கேட்டாள்.

“மாசாமாசம் வராதும்மா. வருசாவருசம் இவங்கதான் கட்டணும், கொறஞ்சது மூணு வருசம்.”

ஒரே தடவை கட்டினால் போதும் என்றல்லவா நினைத்திருந்தேன்? விற்ற காட்டில் அடுத்த வருடம் எந்தப் பூண்டை எடுத்துக் கட்டுவது? அவர் எதையும் ஒளிக்கவில்லை. அதையும் முன்பே சொன்னாராம். அதற்கும் நான் தலையாட்டியிருக்கிறேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள், “நீங்க ஆட்டுன ஆட்டுக்கு, ஒங்களுக்கு எல்லாம் தெரியும்னுல்ல நெனச்சேன்” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் தபால் ஆபீசில் போட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, கவுன்ட்டரில் மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் போட்டேன். அதற்கப்புறமும் தெளிவு வந்துவிடவில்லை. தங்கம் ஏறுகிற ஏற்றத்தைப் பார்த்தால், நகையாக வாங்கியிருக்கலாமோ என்று இன்றைக்கும் குழம்புவேன். ஆனால் யாராவது என் முன்னால் காகிதத்தை நீட்டினால், அவளுடைய பேச்சிலேயே “எனக்கு வெளங்கலீங்க” என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொடுகிறேன்.