கால் எட்டாத ஜனாதிபதி

வெளிநாட்டுக் குளிர் ஊரான ரொம்மனில் கிருஷ்ணகுமாரியின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. அந்த வாயைவிட அவளுடைய பென்சில் பொல்லாதது என்பது, இலங்கையில் பெற்றோலுக்கும் சமையல் காஸுக்கும் சனம் வரிசையில் நின்று மயங்கி விழுந்த வருஷத்தில்தான் தெரியவந்தது.

பக்கத்து ஸ்டோவ்னரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. இடைவேளையில் கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டு ஜனாதிபதியைக் கேலிப்படமாகக் கீறுவாள். முகத்துக்கு மினக்கெடுவதில்லை. மகா உயரமான ஒரு கதிரை, அதில் ஜனாதிபதி. கால் நிலத்தில் எட்டாது, சின்னப் பிள்ளையுடையதுபோலத் தொங்கும். கீழே வெறும் சிலிண்டரோடு சனம். முகநூலில் போட்டால் மட்டக்களப்பிலிருந்து கனடாவரை பறக்கும். ஒவ்வொரு படத்திலும் தன் பேரைப் போடுவாள். புனைபெயர் வைக்கச் சொன்னவர்களிடம், "நானென்ன களவெடுத்தே கீறுறன்?" என்று சீறினாள்.

ஆர்ப்பாட்டக்காரர்மீது பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்த கிழமை, ஜனாதிபதி கதிரையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் எல்லாரும் அழுகினம்?" என்று கேட்பதாகக் கீறினாள். அதுதான் வினையாகிப் போனது.

மறுநாள் மட்டக்களப்பிலிருந்து தம்பி பெண்சாதி கஜேந்தினி அழைத்தாள். தம்பி பிலேந்திரன் அங்கே தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான்.

"மச்சாள், ரெண்டு பேர் வந்து அவரை விசாரணைக்கெண்டு கூட்டிட்டுப் போயிட்டானுகள். உங்கட படத்தக் காட்டித்தான் கேட்டவனுகள். அழிச்சிருங்க மச்சாள், உங்களக் கும்பிட்டன்!"

கிருஷ்ணகுமாரியின் புருஷன் சச்சிதானந்தன் யாழ்ப்பாணத்தார், அதிகம் பேசாத மனுஷன். அன்றைக்கு அவரும் வாய் திறந்தார். "நீர் இஞ்சை ஹீட்டருக்குப் பக்கத்திலை இருந்து வீரம் காட்டுவீர். அடி விழுறது அங்கை அவனுக்கெல்லே?"

சுள்ளென்று சுட்டது. உண்மை சுடாமல் என்ன செய்யும்? போர்க்காலத்தில் வாயைப் பொத்திக்கொண்டிருந்த குடும்பம் அவர்களுடையது. பொத்தியும் என்ன கண்டார்கள்? விசாரணைக்கென்று கூட்டிப்போகப்பட்ட மூத்த அண்ணன் திரும்பவேயில்லை. இவனாவது உயிரோடு இருக்கட்டும் என்று அழுதுகொண்டே படங்கள் எல்லாவற்றையும் அழித்தாள். சிவனே, தன் பிள்ளைகளின் கழுத்தைத் தானே நெரிப்பதுபோல இருந்தது அவளுக்கு.

பின்னேரம் தம்பியே அழைத்தான். அவன் குரலைக் கேட்டதும் அவள் நிலத்திலேயே குந்திவிட்டாள்.

"விட்டுட்டானுகள் அக்கா. ஒரு அடி, ரெண்டு அடி, அது கிடக்கட்டும். படங்களக் காணல்லயே, எங்க?"

"அழிச்சிட்டன்டா."

"ஆரைக் கேட்டு அழிச்ச நீங்க?" குரல் உயர்ந்தது. "பெரியண்ணனுக்கு வாயைப் பொத்தினது காணாதா? அங்க நான் சொல்லிப்போட்டு வந்த கதை தெரியுமா? 'இது உன்ட அக்கா கீறினதா?' எண்டு விசாரிச்ச ஐயா கேட்டார். 'ஓம் சேர், ஆனா ஒரு பிழை இரிக்கு' எண்டன். அவருக்குச் சந்தோஷம், 'என்ன பிழை?' எண்டார். 'நான் தச்சன் சேர். கால் எட்டல்லயெண்டா கதிரைக் கால அறுக்கவேணும்' எண்டன். அதுக்குத்தான் அடி விழுந்தது."

"அட பாழாய்ப் போவானே!" அவள் சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள்.

"கீறுங்க. என்ட பேரையும் போடுங்க."

"வேண்டாமடா, உன்னைத் திரும்பவும்..."

"போடாட்டி இனி என்னோட கதைக்க வேணாம்."

அவள் பென்சிலை எடுத்தாள். ஜனாதிபதியின் கால் முதன்முதலாக நிலத்தில் பட்டது. கதிரைக்கு மூன்று கால் கட்டையாகிக் கிடக்க, நாலாவதில் தச்சனின் அறுக்கிற வாள் ஓடிக்கொண்டிருந்தது. வாளின் பின்னால், காஸ் வரிசையில் நின்ற சனம் முழுவதும் மாறிமாறி அறுக்கக் காத்து நின்றது. சச்சிதானந்தன் எட்டிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

அடியில் அவள் எழுதினாள்: கீறியது கிருஷ்ணகுமாரி, ரொம்மன். அறுத்தது பிலேந்திரன், மட்டக்களப்பு.