சித்தி நிறுத்திய ரயில்

கூட்ஸ் வண்டிக்கு கார்டாகச் சித்தி முதன்முதலில் தனியாகப் போன நாளில், அவளைப் பார்ப்பதற்காகவே நாங்கள் நீலசந்திராவிலிருந்து பஸ் மாறி ஆனேக்கல் பக்கம் இருந்த ரயில்வே கேட்டுக்குப் போனோம். சித்தி அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டில் தங்கிப் படித்துத்தான் அந்த வேலைக்குத் தேர்வானாள். ஓட்டுகிறவர் முன்னால் இருப்பார், மொத்த ரயிலுக்கும் பொறுப்பு கடைசிப் பெட்டியில் இருக்கும் நான்தான் என்று அவள் சொன்னதை என் வகுப்பில் ஒப்பித்திருந்தேன். ஒருவரும் நம்பவில்லை.

கேட் மூடியதும் அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டு “சித்தி! சித்தி!” என்று கூவத் தொடங்கினேன்.

“கத்தாதடி. டூட்டில இருப்பா, நம்மள திரும்பிக்கூட பாக்க மாட்டா” என்றாள் அம்மா. அவளோ கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் பட்டுப்புடவையில் வந்திருந்தாள்.

தரை அதிர இன்ஜின் எங்களைக் கடந்தது. பின்னாலேயே உருண்டை உருண்டையாக டேங்கர்கள். நடுவில் ஒன்றின் சக்கரத்திலிருந்து புகை கிளம்பிவந்தது. பாடப்புத்தகத்தில் புகைவண்டி என்று போட்டிருந்தும் புகை விடும் ரயிலை நான் கண்டதே இல்லை. “அப்பா, புகை! நெஜமாவே புகைவண்டி!” என்று கைதட்டினேன்.

நான் காட்டிய பக்கம் பார்த்த கேட்காரர் சிவப்புக் கொடியைப் பிரித்துக்கொண்டு தண்டவாளத்தை நோக்கி ஓடினார். கடைசிப் பெட்டி வந்தது. வெள்ளைச் சீருடையில் சித்தி! கொடியைப் பார்த்தவள் வாக்கிடாக்கியில் ஏதோ கத்தினாள். அவ்வளவு பெரிய ரயில் கிறீச்சிட்டுக்கொண்டே போய், கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நின்றேவிட்டது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்களைப் பார்க்க ரயிலையே நிறுத்திவிட்டாள்!

“ஹிந்தே ஹோக்ரி! பின்னாடி போங்க! எல்லாம் பெட்ரோலு!” என்று கேட்காரர் கன்னடமும் தமிழுமாக அலறினார். பைக்குகள் திரும்பின. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அத்தனை பேரும் ஒரு பக்கம் ஓட, தீயணைக்கும் சிவப்பு சிலிண்டரோடு கீழே குதித்த சித்தி மட்டும் புகையை நோக்கி ஓடினாள். நான் தொண்டை கிழியக் கூப்பிட்டும் திரும்பவில்லை. ரோஷத்தில் எனக்கு அழுகை முட்டியது.

டீக்கடை வாசலில் நின்று பார்த்தோம். புகைக்குள் வெள்ளையாக ஏதோ பீய்ச்சியடித்தது. பிறகு புகை மெலிந்து, அடங்கிவிட்டது. பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்விக்கொண்டதாம். டேங்கருக்கு ஒன்றும் ஆகவில்லையாம். சித்தி சட்டையெல்லாம் கரியாகத் திரும்பி வந்து பெட்டியில் ஏறினாள். பச்சைக் கொடியை எடுத்தாள். அப்போதுதான் எங்களைக் கண்டாள். ரயில் நகர்ந்து வளைவில் மறையும்வரை அதை எங்களைப் பார்த்து வீசிக்கொண்டே போனாள். டீக்கடையில் விசில் பறந்தது. நான் குதித்தேன். அம்மா பட்டுப்புடவையோடு மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வகுப்பில் நான்தான் ராணி. என்னைப் பார்க்க எங்கள் சித்தி ரயிலையே நிறுத்தினாள் என்றேன். இந்த முறை நம்பினார்கள்.

சித்தி வீட்டுக்கு வந்ததும் அதை அவளிடமும் சொன்னேன். என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஆமாண்டி, பின்ன? உன்னப் பாக்கத்தான் நிறுத்துனேன்” என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சட்டென்று எழுந்து உள்ளே போய், குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக்கொண்டாள். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லையே, எதற்கு இவ்வளவு தண்ணீர் என்றுதான் அப்போது யோசித்தேன்.