பூக்கடையில் இறங்கிய ஆத்தா

மலேசியாவில், பாயா ரும்புட் ஊர் முழுக்க ஒரே பேச்சு: பூக்கடை பவானேஸ்வரிக்கு ஆத்தா இறங்கிவிட்டாள். உச்சி வெயிலில், கொதிக்கிற தார் ரோட்டில், வெறுங்காலோடு நடந்தாளாம். பாதத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லையாம். கண் எங்கோ சொருக, ஆடி ஆடி வந்தாளாம். பார்த்தவர்கள் சொன்னது இவ்வளவுதான்; மிச்சத்தைப் பார்க்காதவர்கள் சொன்னார்கள்.

நிஜக் கதை வேறு. கிட்ட வாருங்கள், சொல்லிவிடலாம்.

நரம்புகளின் மேலுறை கரைகிற வியாதி அவளுக்கு. டாக்டர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். வெயில் ஏறினால் உலகமே பால் கலந்த தண்ணீராகிவிடும். மல்லிகைச் சரங்கள் அதில் மிதக்கும். கால் பஞ்சுக்குள் போவது போல் போகும். அன்றைக்கு ஒரு செருப்பு கழன்றது அவளுக்கே தெரியாது. இன்னொன்று காலில்தான் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

கடை முதலாளி சுகுமாரனுக்குக் கொண்டாட்டம். ஆத்தாவைப் பார்க்க வந்த கூட்டத்தில் எலுமிச்சை மாலை விற்றுப் பறந்தது. ஆத்தா உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும்? பவானேஸ்வரி நாள் முழுக்க நின்றாள்.

மலாக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ் லத்தீஃபா கேள்வி கேட்டாள். வியாதி அவள் வாழ்க்கையில் எவ்வளவு தின்றிருக்கிறது என்று அளக்க.

"அசதியா இருக்காக்கா?"

"ஓகே லா."

"நின்னு வேலை பாக்க முடியுதா?"

"பரவால்ல லா."

யார் விசாரித்தாலும் குறை சொல்லக் கூடாதென்று வளர்ந்த வாய். லத்தீஃபா பேனாவைக் கீழே வைத்தாள்.

"இப்படியே சொல்லுங்க. மருந்து நல்லா கேக்குதுன்னு டாக்டர் நெனச்சுக்குவாரு. உக்காந்து வேலை செய்ய லெட்டரும் தரமாட்டாரு. ஒரு நாளு அங்கயே விழுவீங்க. சரி, வீட்டுல உங்களுக்குச் சட்டை பட்டன் யாரு போட்டு விடுறது, அக்கா?"

வெளியே மழை பிடித்திருந்தது. கண்ணாடியில் துளிகள் சோம்பலாக இறங்குவதைப் பவானேஸ்வரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு," என்றாள் கடைசியில். "நார் முடிச்சு ரெண்டு ரெண்டாத் தெரியுது. பூவைத் தொட்டா விரலுக்குத் தெரியல. சாயங்காலம் வாயத் தொறக்கக்கூட தெம்பில்ல. அவரு நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுக்கிறாரு."

லத்தீஃபா எழுதிக்கொண்டே போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம். பக்கத்து வீட்டு ராஜம்மா எலுமிச்சம்பழத்தோடு காலில் விழப் போனார். "தாயே, என் மருமகளுக்கு ஒரு வாக்கு சொல்லு!"

சுகுமாரன் கண்ணைக் காட்டினார். பவானேஸ்வரி டாக்டர் லெட்டரை அவர் கையில் திணித்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, எல்லார் முன்னாலும் உட்கார்ந்தாள்.

"ஆத்தாவும் வரல, ஒரு மண்ணும் வரல. நரம்பு வியாதி. கால் வெந்தது எனக்குத் தெரியல, அவ்வளவுதான். கொப்புளம் இன்னும் ஆறல, தொடாதீங்க."