பாதி வீட்டுக்காரி

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், உறவுக்காரர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, தம்பி தான் நெய்த பட்டுப்புடவை ஒன்றை என் கையில் கொடுத்தான். எங்கள் சொந்தத்தில் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. சபையில் பெண் அந்தப் புடவையை வாங்கிக்கொண்டால் பிறந்த வீட்டில் அவள் பங்கு தீர்ந்தது. அம்மா முன்பே போய்விட்டாள். வாரிசு என்று இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். "இது போதும்பா. வீட்டுல எனக்கு எதுவும் வேணாம்" என்றேன். அத்தை ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம் நான் பண்ணின அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. ஓரிக்கையில் என் தையல் கடைக்கு வருகிறவர்கள் சொத்துத் தகராறு என்று வாயெடுத்தால் போதும், நான் விட்டுக்கொடுத்த கதையை ஆரம்பித்துவிடுவேன்.

போன மழையில் சின்ன காஞ்சிபுரத்து வீட்டில், தறிக்கு நேர் மேலே உத்தரம் விரிசல் விட்டது. தார்ப்பாய் கட்டி அதற்கடியில் உட்கார்ந்து தம்பி நெய்துகொண்டிருந்தான். இடித்துக் கட்ட மாநகராட்சியில் அனுமதி கேட்டால், அப்பா பேரில் இருக்கும் வீட்டை முதலில் உன் பேருக்கு மாற்று என்றார்கள். இருவரும் பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். புடவைக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புடவைக்கெல்லாம் சட்டத்துல மதிப்பு இல்லம்மா. வேணாம்னு வாயால சொன்னதும் செல்லாது. எழுதிப் பதிவு பண்ற வரைக்கும் பாதி வீடு உங்களுதுதான்."

எனக்கு வந்தது சந்தோஷம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் படுத்து வளர்ந்த கூடத்தில் பாதி, இத்தனை நாளும் எனக்கென்று இருந்திருக்கிறது. நான் எதையும் கொடுக்கவே இல்லை. இனிமேல்தான் நிஜமாகக் கொடுக்க வேண்டும் என்று புரிந்ததும் மனசு பின்வாங்கியது.

ஆனாலும் எழுதச் சொன்னேன். என் பங்கை தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அவர் எழுதி வாசித்தார். இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை என்று ஒரு வரி வந்தது. பதிவானபிறகு மனசு மாறினாலும் திரும்பக் கேட்க முடியாது என்றார்.

"அந்த வரிய எடுத்துடுங்க சார்" என்றான் தம்பி.

"அது இல்லன்னா இது பத்திரமே இல்லப்பா."

பதிவு அலுவலகத்தில் அதிகாரி, "மனப்பூர்வமா எழுதிக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். ரேகை வைக்க நீட்டிய விரலை மடக்கிக்கொண்டேன்.

தம்பி என் கையைப் பிடித்தான். "வேணாம்க்கா, வா போலாம். உன் பேரு இருக்கட்டும். உன் வீடுன்னு இருந்தாதான் நீ வந்துக்கினே இருப்ப. இல்லன்னா விருந்தாளியாட்டம் கேட்டுக்கினு வருவ. எனக்கு வேற யாருக்கா இருக்காங்க?"

நாற்பத்தாறு வயசு ஆள், அத்தனை பேர் எதிரில் கண் கலங்கி நின்றான். அவன் தலைக்கு மேல் அந்த உத்தரம் என்றைக்கு இறங்குமோ என்ற பயம் எனக்கு.

"மனப்பூர்வமாத்தான் சார்" என்று சொல்லி விரலை வைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல அங்கே போனேன். கதவு திறந்துதான் இருந்தது. தறிச் சத்தம் வெளியே கேட்டது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "வரலாமா?" என்று கேட்டுவிட்டேன்.

தறி நின்றது.

"உள்ள வாக்கா" என்று அதட்டினான். குரல் உடைந்திருந்தது.