ஒரு வான் நிறையச் சனமும் ஓர் ஆங்கிலேயர் சேர்ச்சும்

வருசப் பிறப்புக்கு மட்டும் போன் எடுக்கும் ஒருவன், திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்தால் உங்களுக்கு என்ன தோன்றும்?

எனக்குச் சந்தேகம் தோன்றும்.

எடுத்தவன் ஜெயசீலன். சுவிஸுக்கு வந்த புதிதில் என்னோடு ஒரே அகதி முகாமில் இருந்தவன். நான் கீழே டீட்டிகோன் நகரத்துக்கு வந்துவிட்டேன். அவன் மலைக்கு மேலே ஒரு குட்டி ஊரில், ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கி, இப்போது அங்கேயே தலைமைச் சமையல்காரன்.

"மச்சான், வாற ஞாயிறு இஞ்ச மேல வா. மனிசி பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா. வானில இடம் இருந்தாப் பக்கத்து வீட்டு ஆக்களையும் ஏத்து. எல்லாரையும் நல்ல உடுப்புப் போடச் சொல்லு."

"என்ன விசேசம்?"

"சேர்ச்சுக்கு வாங்கோ. பிறகு புரியாணி இருக்கு."

அவன் அங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துச் சபைக் கிறிஸ்தவன். நான் சைவ சமயம். இத்தனை வருசத்தில் ஒருநாளாவது என்னைச் சேர்ச்சுக்குக் கூப்பிட்டானா? இல்லை. பிறகு இப்போது ஏன்? அதுவும் வானோடு? நல்ல உடுப்போடு?

"சமயம் மாத்தப் பாக்கிறானோ... இல்லாட்டி சத்துமா விக்கிற பிசினஸ் மீட்டிங்கோ?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்கள் ஒரு சந்தேகப் பிராணி. புரியாணி எண்டவர்தானே? போவம்" என்றாள்.

போனோம்.

ஊரின் நடுவே பெரிய சேர்ச் ஒன்று கம்பீரமாக நிற்கிறது. அது ஊர்க்காரருடையது. நாங்கள் போக வேண்டியது அதைத் தாண்டி, ஹோட்டல் தோட்டத்தின் கடைசியில், தேவதாரு மரங்களுக்குப் பின்னால் இருந்த சின்னக் கல் கட்டடம். கூரான முகடு. கோபுரம் இல்லை. அதற்குப் பதிலாக முகட்டுக்கு மேல் ஒரு கல் வளைவு, அதில் ஒற்றை மணி. நுவரெலியாவில் வெள்ளைக்காரன் கட்டியதை அப்படியே தூக்கி வந்து பனிக்குள் வைத்தது மாதிரி இருந்தது.

பார்த்ததும் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. ஆங்கிலேயர் நம் நாட்டில் சேர்ச் கட்டினார்கள், சரி. நாட்டையே பிடித்து வைத்திருந்தார்கள். இங்கே என்ன வேலை? சுவிஸ்காரன் எதையும் சும்மா விடுகிற ஆளா?

வாசலில் எங்களை வரவேற்றவர் மார்கரெட். வயதான ஆங்கிலேயப் பெண்மணி, சேர்ச்சின் சாவி அவரிடம்தான். கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்தக் காலத்தில் மலையேற வந்த துரைமார், ஞாயிறு ஆராதனை இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்களாம். பார்த்தார் ஹோட்டல் முதலாளி. தன் தோட்டத்திலேயே நிலத்தைக் கொடுத்து, கல்லையும் இறக்கிக் கொடுத்துவிட்டார். அவர் அங்கிலிக்கனா? இல்லவே இல்லை. அவருக்கு வாடிக்கையாளர் வேண்டும், அவ்வளவுதான்!

அப்பாடா. இதுதான் எனக்குத் தெரிந்த சுவிஸ்.

உள்ளே போனால் கூரையைப் பார்த்து நின்றுவிட்டேன். வரைபடம் இங்கிலாந்திலிருந்து வந்ததாம், மரமும் தச்சரும் உள்ளூராம். கவிழ்த்து வைத்த வள்ளம் போல வளைந்து இறங்கும் மரச்சட்டங்கள். கண்ணாடி ஜன்னல்களில், மலையிலிருந்து விழுந்து செத்த யாரோ ஒரு துரையின் நினைவாக ஒரு மேய்ப்பர் ஓவியம். சனம் இருக்கிற ஒவ்வொரு மர வாங்கின் ஓரத்திலும் ஓர் இரும்பு வளையம்.

"இதில ஆரைக் கட்டி வைச்சவங்கள்?" என்று மனைவியின் காதில் கேட்டேன்.

மலையேறிகளின் கைத்தடி குத்தி வைக்கவாம், மார்கரெட் சொன்னார். மனைவி அதில் தன் கைப்பையை மாட்டிவிட்டு அமர்ந்தாள்.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். முன் வாங்கில் சிவராசா அண்ணை! போன வெள்ளிக்கிழமை அட்லிஸ்வில் முருகன் கோயிலில் எனக்குப் பக்கத்தில் நின்று அரோகரா போட்டவர். பின்னால் நொஷாட்டலில் இருந்து ஒரு குடும்பம். அவர்களும் சைவம். எல்லோரும் எழும்பும்போது இருப்பதும், இருக்கும்போது எழும்புவதுமாகப் பாதிச் சனம் தடுமாறிக்கொண்டிருந்தது.

கடைசி வாங்கில் மட்டும் தெரியாத ஒரு முகம். கறுப்புக் கோட்டு போட்ட ஆங்கிலேயர். பாடவில்லை. எங்கள் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் ஏதோ விசயம் இருக்கிறது என்று விளங்கிவிட்டது. ஆராதனை முடிந்ததும் ஜெயசீலனை வெளியே இழுத்துக்கொண்டு போனேன்.

"உண்மையைச் சொல்லு. அந்தாள் ஆர்?"

"சபையின்ர மேலிடத்து ஆள். சனம் வாறேல்லை எண்டு சேர்ச்சை மூடப் போயினம். முடிவெடுக்க முதல் பாக்க வந்திருக்கிறார்."

"அப்ப எங்களை ஆள் காட்டத்தான் கூட்டிக்கொண்டு வந்தனியோ?"

"ஓம்."

ஒரு மழுப்பல்கூட இல்லை! எனக்கு நல்ல கோபம் வந்தது. வாயைத் திறக்க முன் அவனே சொன்னான்.

"சுகிர்தாவின்ர பெட்டி இந்த வாங்குகளுக்கு முன்னாலதான் இருந்தது மச்சான். நானும் மகளும் மட்டும்தான். மிச்ச வாங்கெல்லாம் வெறுமை. இண்டைக்குத்தான் அவளுக்கு ஆக்கள் வந்திருக்கினம். இதையும் மூடினா நான் எங்க போய் அவளோட கதைக்கிறது?"

சுகிர்தா அவன் மனைவி. கொரோனா வந்த முதல் வசந்தத்தில் போனவள். குடும்பத்தவர் தவிர யாரும் செத்தவீட்டுக்குப் போகக் கூடாது என்றிருந்த நாட்கள் அவை. நாங்கள் டீட்டிகோனில் இருந்து போனில்தான் அழுதோம். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

தேநீர்க் கோப்பையோடு கறுப்புக் கோட்டுக்காரர் நேராக என்னிடம் வந்தார். ஒரு சந்தேகப் பிராணியை இன்னொன்றுக்கு அடையாளம் தெரியாதா?

"நீங்கள் வழக்கமாக இங்கே வருவீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஜெயசீலனின் முகம் வெளுத்துவிட்டது. பொய் சொல்லலாம்தான். ஆனால் சேர்ச் வாசலில் நின்று, அதுவும் அடுத்தவன் சாமிக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

"இல்லை. இதுதான் முதல் தடவை. நான் இந்து. நண்பன் கூப்பிட்டான், வந்தேன்."

"அப்படியா..." ஒரு மிடறு குடித்தார். "இனியும் வருவீர்களா?"

நான் ஜெயசீலனைப் பார்த்தேன். அவன் திறந்திருந்த கதவுக்குள்ளால் அந்த வாங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்கு நிலம் கொடுத்த ஹோட்டல் முதலாளியே அவர்கள் சபை இல்லையே என்று ஒரு கணம் நினைத்தேன்.

"வருவேன்" என்றேன்.

அவர் நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது. நான் அவராக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சேர்ச்சை மூடுவதா என்ற முடிவு இன்னும் வரவில்லை. போன ஞாயிறு நான் தனியாகப் போனேன். புரியாணி இல்லை. கூட்டமும் இல்லை. ஜெயசீலன், மகள், மார்கரெட், அவருடைய சிநேகிதிகள் சிலர். மனைவி கைப்பை மாட்டிய அதே வாங்கில் போய் இருந்தேன். முதல் பாட்டு முடியும்போது பின்னால் கதவு கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன்.

கறுப்புக் கோட்டு!

நான் உண்மையிலேயே வருகிறேனா என்று பார்க்க, யாருக்கும் சொல்லாமல் வந்திருந்தார். அவர் அப்படி வந்து பார்ப்பார் என்ற சந்தேகத்தில்தானே நானும் போயிருந்தேன்!